யூதர்களின் பலி வழிபாடு எப்படி ஜெபமாக மாறியது?

யூத வழிபாட்டு முறை என்பது எந்த வேளையில், எந்த வரிசையில், எந்தச் சொற்களால் இறைவனைத் தொழ வேண்டும் என்ற ஒழுங்கு. எருசலேம் ஆலயம் இருந்தவரை அதன் மையம் பலிபீடம்தான். தினமும் காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, பிற்பகலில் இன்னொன்று. பலியிடுவது ஆலயக் குருக்களான ஆசாரியர்கள், பாடுவது ஆலயப் பணிக்குரிய குலத்தாரான லேவியர்கள். கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். பலியை வேறு ஊரில் செலுத்தத் யூதர்களின் மறைநூலான திருச்சட்டம் இடம் தரவில்லை. அப்புறம் என்ன செய்வது?

யவ்னே என்ற ஊரில் கூடிய ரபிகள், அதாவது யூத சமய ஆசான்கள், அந்த நேரங்களை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். காலைப் பலியின் இடத்தில் ‘ஷாகரித்’ ஜெபம், பிற்பகல் பலிக்கு ‘மின்ஹா’. ஓய்வுநாளில் கூடுதல் பலி இருந்ததால் கூடுதல் ஜெபம், ‘முசாஃப்’. பூர்வீக வீடு இடிந்துபோன பிறகும், வாடகை வீட்டில் அதே அந்தி நேரத்தில் பாட்டி விளக்கேற்றுவாரே, அதுபோலத்தான்.

என்னை மிகவும் நெகிழவைப்பது, இந்த வேளைகள் ஒவ்வொன்றிலும் நின்றபடி சொல்லும் ‘அமிதா’ ஜெபம். பாதங்களைச் சேர்த்து, எருசலேம் திசை நோக்கி நின்று, உதடுகள் அசைய மெல்லச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஆசாரியருக்கு மட்டுமே உரிய பணியின் இடத்தில் இன்று ஒரு தையல்காரரும் நிற்கிறார். வாசகங்கள் உடனே நிலைபெற்றுவிடவில்லை. பாபிலோனில் ரப் அம்ராம் என்ற யூத அறிஞர் ஜெபங்களை வரிசையாகத் தொகுத்தது 9-ஆம் நூற்றாண்டில்தான்.

எருசலேம் ஆலயம் அழிந்த பிறகே, யூதர்கள் அவரவர் ஊரில் கூடும் ஜெப ஆலயங்கள் தோன்றின என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கி.பி. 67-லேயே ரோமர்கள் அழித்த கம்லா ஊரின் இடிபாடுகளில் ஒரு ஜெப ஆலயம் இருக்கிறது.