வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

பெரம்பூரிலிருந்து பிளஸ் டூ முடித்த மகளுடன் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்த பெற்றோர், நிர்வாக ஒதுக்கீட்டில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல் இடம் வாங்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டார்கள். ஆறுதலாகத்தான் பேசத் தொடங்கினேன். ஆனால் இதுதான் எதிர்காலம் என்று பெரியப்பா சொல்லிவிட்டதாகத் தந்தை கூறியதும், மாதத் தவணையைக் கட்டப்போவதும் அவர்தானா என்று கேட்க வேண்டியதாயிற்று. அடமானம் வேண்டாம், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில், 29சி பேருந்து எந்த நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் தேங்கியது என்று ஒரு மாதக் கணக்கு வண்ணப் பட்டைகளாக வரையப்பட்டிருந்தது. வீட்டார் அதைப் பொழுதுபோக்கு என்றார்கள். மென்பொருள் நிறுவனங்களில் அதுவே ஒரு தொழில்.

கைபேசியில் ஒரு பொருளை வாங்கும்போது, அந்த ஒரே கோரிக்கை கையிருப்பு, விலை, பணம் செலுத்துதல் என்று வெவ்வேறு கணினிகளில் ஓடும் பல நிரல்களைத் தொட்டுத் திரும்புகிறது. தாமதம் எங்கே நேர்ந்தது என்று அறிய, கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, ஒவ்வொரு கட்டமும் தொடங்கிய நேரத்தையும் எடுத்துக்கொண்ட நேரத்தையும் பதிந்து, பட்டைகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறார்கள். இதற்கு ட்ரேஸ் என்று பெயர். இப்படி ட்ரேஸ் எடுக்கும் தன் டாப்பர் அமைப்பை கூகுள் 2010இல் விவரித்தது; ஊபரில் உருவான யேகர் என்ற அதே வகைக் கருவி 2017இல், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக வெளிவந்தது. கணினிகளின் கடிகாரங்கள் சில மில்லிநொடி பிசகினாலும், கேள்விக்கு முன்பே பதில் வந்துவிட்டதாகப் படம் காட்டும். சராசரியும் ஏமாற்றும்: 100 கோரிக்கைகளில் 98 அரை நொடியில் முடிந்து, 2 மட்டும் 20 நொடி காத்திருந்தால், சராசரி ஒரு நொடியைக்கூடத் தொடாது. அந்த இரண்டு பேரின் காத்திருப்பைக் கண்ணில் படும்படி வரையத் தெரிய வேண்டும்.

அதற்கு அடிப்படை புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலுக்கு விண்ணப்பியுங்கள், அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கு எவரும் வீட்டை எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. கூடவே நிரல் எழுதவும் பழக வேண்டும். ட்ரேஸ் பதிவதற்கான திறந்த மூலக் கருவிகளை உருவாக்கும் ஓபன்டெலிமெட்ரி திட்டம் இலவசமாகத் தரும் மாதிரி இணையக் கடையை மடிக்கணினியில் ஓட்டி, வேண்டுமென்றே பழுதுகளை உண்டாக்கி, அவற்றைப் படத்தில் தேடலாம். படித்தவுடனே ட்ரேஸ் வரைவதற்கென்றே தனி வேலை கிடைத்துவிடாது. பெரும்பாலும் மென்பொருள் பராமரிப்புப் பணியிலிருந்துதான் இதற்குள் நுழைய முடியும், எம்.சி.ஏ. வழியும் உண்டு.

பெரியப்பா மறுபடி அழைத்தால் தொலைபேசியை மகளிடம் கொடுங்கள். அந்தப் பட்டைகளை அவளே விளக்கட்டும். கல்லூரித் தரகருக்கு அதுவரை முன்பணம் எதுவும் போகக் கூடாது.