யாரை எப்படி விளிப்பது? – கேள்வி பதில்

கே: 'அன்புள்ள அப்பா', 'அன்புள்ள அப்பாவுக்கு' – எது சரி?

ப: இரண்டும் சரி. முதலாவது விளி, நேரே கூப்பிடுகிறது. அடுத்தது நான்காம் வேற்றுமை. கடிதம் யாருக்குப் போகிறது என்று சொல்கிறது. 'அவர்களே' மட்டும் வேண்டாம். அது மேடைப் பேச்சு.

கே: 'அன்புள்ள' என்றால் யாருடைய அன்பு?

ப: சொல்லின்படி பார்த்தால் அப்பாவுடையது. அதனால்தான் கடிதத்தின் அடியில் 'அன்புள்ள மகன்' என்று நீங்களும் போட்டுக்கொள்ள முடிகிறது. உங்கள் அன்பைச் சொல்ல 'அன்புக்குரிய' இருக்கிறது.

கே: பழைய இலக்கியத்தில் கடிதம் உண்டா? அதில் எப்படி விளித்தார்கள்?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதம் எழுதுகிறாள். முதல் கடிதத்தை அவன் வாங்கவே மறுத்துவிடுகிறான். இரண்டாவது, மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் மூலம் அவன் கைக்கு வருகிறது. 'அடிகள் முன்னர் யான் அடி வீழ்ந்தேன்' என்று தொடங்குகிறாள். 'அடிகள்' என்றால் வணக்கத்துக்குரியவர். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு, மனைவியோடு இரவில் ஊரைவிட்டுப் போக நான் என்ன பிழை செய்தேன் என்று தெரியாமல் தவிக்கிறேன் என்கிறாள். முடிக்கும்போது 'புரையோய் போற்றி', அதாவது மேன்மை உடையவரே என்கிறாள். கோவலன் பெயர் இல்லை, தன் பெயர் இல்லை, காதல் என்ற சொல்லும் இல்லை.

அவள் மேல் குற்றமில்லை என்று கோவலனுக்குப் புரிகிறது. அப்புறம் அவன் செய்வதுதான் வேடிக்கை. அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்லிக் கோசிகனிடமே திருப்பிக் கொடுக்கிறான்! 'அடிகள்' என்ற விளி காதலனுக்கும் பொருந்தும், தாய் தந்தைக்கும் பொருந்தும். விளியில் ஒரு பெயர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

கே: 'அன்பான அப்பா' என்று எழுதலாமா?

ப: எழுதலாம்.

கே: சங்கப் புலவர்கள் அரசனையே 'நீ' என்கிறார்களே, மரியாதை இல்லையா?

ப: நெல்லிக்கனி கொடுத்த அதியமானை ஔவையார் 'மன்னுக பெரும நீயே', அதாவது பெருமானே நீ நிலைத்து வாழ்க என்று வாழ்த்துகிறார். ஒருவரை அழைக்க அன்று 'நீ'தான், 'நீர்' பலருக்கு. மரியாதையைப் 'பெரும' பார்த்துக்கொண்டது.

கே: (மறுப்பு) ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியமே ஏற்கிறதே?

ப: பாதி ஏற்கிறது. வழக்கில் அது உயர்த்திச் சொல்லும் சொல், இலக்கண நெறி அன்று என்கிறது.

கே: (அவரே) அப்படியானால் 'நீங்கள்' பிழை. தொல்காப்பியத்தில் 'கள்' அஃறிணைக்கு மட்டும்தான்.

ப: சரி. ஆனால் குறளிலேயே 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' வந்துவிட்டன. வழக்கு முன்னே போனது, இலக்கணம் பின்னால் வந்தது.

கே: (மீண்டும் அவரே) வள்ளுவர் செய்தாலும் பிழை பிழைதானே?

ப: நீங்கள் போய்ச் சொல்லுங்கள், நான் கூட வரவில்லை. ஆமாம், இப்போதும் 'நீங்கள்' என்றுதான் சொன்னேன்.

கே: தாத்தாவின் பழைய கடிதங்களில் 'ம-ள-ள-ஸ்ரீ' என்று இருக்கிறது. என்ன அது?

ப: 'மகாராஜராஜஸ்ரீ' என்பதன் சுருக்கம். ராஜாவாக இருக்க வேண்டியதில்லை. 'திரு' மாதிரி எல்லோருக்கும் போட்டார்கள்.

கே: மனைவிக்கு எழுதும்போது?

ப: காசியிலிருந்து பாரதி செல்லம்மாளுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். 'எனதருமைக் காதலி' என்று அழைத்து, அதே வரியில் 'ஆசீர்வாதம்' சொல்கிறார். முதல் சொல் புதுக் காலத்து ஆண், அடுத்தது பழைய வீட்டுப் புருஷன். உங்கள் கடிதத்தில் இரண்டில் எது வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கே: அதிகாரியின் பெயர் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது.

ப: 'ஐயா / அம்மையீர்'. முன்னால் ஒரே ஒரு 'மதிப்பிற்குரிய' போதும்.

கே: என் பெயருக்கு எந்த எழுத்தில் தொடங்கினால் ராசி?

ப: ஜோதிடரைப் பாருங்கள்.

கே: 'அன்பார்ந்த அப்பா' என்று எழுதலாமா?

ப: எழுதலாம். அப்பாவுக்கு எழுதினாலே போதும், அவர் சந்தோஷப்படுவார்.

கே: விடுப்புக் கடிதத்தில் 'தலைமையாசிரியர் அவர்களே' என்று தொடங்கலாமா?

ப: கையில் மைக் இருந்தால் தொடங்குங்கள்.