“அப்பா ஊர்ல இல்லை” என்று சொல்லும் பையன்

கேள்வி: அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் வாங்கி ஏமாற்றியவர் என் கணவர். வழக்கு நடக்கிறது, ஜாமீனில் வந்து வீட்டில்தான் இருக்கிறார். பணம் கொடுத்தவர்கள் வந்தால் எங்கள் 10 வயது மகன் ஓடிப்போய், “அப்பா ஊர்ல இல்லை” என்று முகம் மாறாமல் சொல்கிறான். இப்போது என்னிடமும் தொட்டதற்கெல்லாம் பொய். இவனும் அவரைப் போலவே ஆகிவிடுவானா?

பதில்: ஆகத்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, அம்மா. அவன் செய்வது அந்த வீட்டில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. சரியாகச் செய்தால் அப்பா தட்டிக்கொடுக்கிறார். உண்மையைச் சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது. பத்து வயதுப் பிள்ளை வேறு எதைக் கற்றுக்கொள்வான்?

முதலில் வாசலில் இருந்து அவனை விடுவியுங்கள். “யார் கூப்பிட்டாலும் நீ போக வேண்டாம், பெரியவங்க பார்த்துக்குவோம்” என்று கணவர் முன்னாலேயே சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் போய் நில்லுங்கள். கஷ்டம்தான். ஆனால் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்த ஒரு அம்மா வாசலில் அழுவதைப் பார்த்துவிட்டு, பையன் உள்ளே வந்து எப்படிச் சாப்பிடுவான்? அந்தக் குற்ற உணர்ச்சியை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் பல பிள்ளைகளுக்கு வயிற்றுவலி வருகிறது, தூக்கம் கெடுகிறது.

அவனிடம் உண்மையை அவன் வயதுக்குத் தக்க அளவில் சொல்லுங்கள்: “அப்பா சொன்னபடி செய்யாம மத்தவங்க பணத்தை வாங்கிட்டார். அது தப்பு. கோர்ட் விசாரிக்குது. இதுல உன் தப்பு எதுவும் இல்லை.” இதோடு நிறுத்துங்கள், கணவரைத் திட்டித் தீர்க்க அவனிடம் போகாதீர்கள். பணம் புரண்ட நாளில் சைக்கிள் வாங்கித் தந்த அப்பாவும் இதே ஆள்தான். அவரை நேசிப்பதற்காக அவன் வெட்கப்படக் கூடாது. “அப்பன் புத்தி” என்று பேசும் சொந்தக்காரர்களை மட்டும் தயங்காமல் அடக்குங்கள்.

உங்களிடம் பொய் சொன்னால் குறுக்கு விசாரணை வேண்டாம். அதனால் அவன் பொய் சொல்வதில்தான் தேறிவிடுவான். “நடந்ததைச் சொல், கத்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கத்தாமல் இருங்கள். முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை நூலகம் என்றால் சனிக்கிழமையே போய் வாருங்கள். சொன்னது நடக்கும் என்பது அவனுக்குப் புது அனுபவமாக இருக்கும்.

பணம் கொடுத்தவர்கள் “நாளைக்கு உன் மகன் தலையில்தான் விடியும்” என்று மிரட்டலாம். அப்பாவின் கடனுக்கு மகன் தன் சம்பாத்தியத்திலிருந்து பொறுப்பல்ல. அவரிடமிருந்து சொத்து வந்தால், அந்தச் சொத்தின் மதிப்பு வரைதான் கேட்க முடியும். மகன் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள். தெரியாத பணம் வந்து போயிருந்தால் உடனே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, எண் 15100.

தூக்கமின்மையோ பள்ளிக்குப் போக அடம்பிடிப்பதோ சில வாரங்கள் தொடர்ந்தால் 14416-ல் மனநல ஆலோசகரிடம் பேசலாம். கணவர் மறுபடி பணம் வசூலிக்கக் கிளம்பி, பையனையும் கூட்டிப்போனால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க யோசிக்காதீர்கள்.