வன்னியில் மதிலோரம், மாமர நிழலில் என்ன கன்று வைக்கலாம்?

வீட்டுக்கு வடக்கே மதிலுக்கும் மாமரத்துக்கும் நடுவில் நீட்டாக ஒரு பாத்தி, வெயிலே படாது என்று எழுதியிருக்கிறீர்கள். மாரியில் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் போல. கிளிநொச்சியில் என் வளவும் இதே அமைப்புத்தான், அதனால் சொல்கிறேன்.

அந்த 'வெயிலே படாது' என்பதை வைகாசியில் ஒருக்கால் போய்ப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும், வடக்குப் பக்கம் நிழல். சித்திரை வருடப்பிறப்போடு நேர் உச்சிக்கு வந்துவிடும். பிறகு ஆவணி நடுப்பகுதி வரைக்கும் மத்தியானத்தில் எங்கள் தலைக்கு வடக்கே நின்றுதான் காயும். சோளகம் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றும் அதே மாதங்களில்தான். வடக்குச் சுவரென்றால் வருடம் முழுக்க நிழல் என்பதெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு.

எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் எடுபடவில்லை. மச்சாள் கண்டியிலிருந்து அந்தூரியமும் பன்னமும் (பெரணிச் செடி) சாடி சாடியாகக் கொண்டுவந்து மரத்தடியில் நட்டார். தை வரைக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வைகாசியில் பன்னத்தின் இலை தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. நான் தண்ணி விடவில்லையாம், இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். கிணற்றடியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தது பின்னே யார்?

கண்டியில் நிழலோடு ஈரமும் சேர்ந்து வரும். இங்கே மரத்தடிதான் வளவிலேயே காய்ந்த இடம். மாமரத்தடியில் மாட்டெரு போட்டு ஒரு மாரி கழித்துக் கிளறிப் பாருங்கள், எரு முழுக்க மாவேர் நூல்நூலாகப் பின்னியிருக்கும். நீங்கள் ஊற்றுவதை முதலில் குடிப்பது மரம்தான்.

அதனால்தான் நான் மஞ்சளை நிலத்தில் நடாமல் உரப்பையில் வைத்தேன். 2020இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள்தூள் விலை ஏறி நின்ற நேரம். அயலட்டையில் சிரித்தவர்கள்தான் பிறகு விதைக்கிழங்கு கேட்டுப் படலையடிக்கு வந்தார்கள். பெருமையடிக்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. வெயிலில் வைத்த அளவுக்குக் கிழங்கு வராது என்று யாராவது எழுதுவார்கள், சரிதான், ஆனால் ஓரப் பாத்திக்கு அந்த அகன்ற இலையே போதும். கிழங்கு முற்றும்போது இலை காய்ந்து சாயும், செத்துப்போச்சு என்று பிடுங்கிவிடாதீர்கள்.

மதிலை ஒட்டி, வாள் மாதிரி நீட்டு இலை விடுகிற மருள் வையுங்கள். காட்டில் பற்றைக்கடியில் தன்பாட்டில் நிற்கிற சாதி, தண்ணி தேங்கினால் மட்டும்தான் அழுகும். காலை வெயில் கொஞ்சம் படுகிற ஓரத்துக்குக் குரோட்டன், முழு நிழலில் அதன் நிறம் மங்கிவிடும். இடைவெளிக்குக் கற்பூரவள்ளித் தடியை முறித்து ஊன்றுங்கள், இருமலுக்கும் ஆகும். வல்லாரை கிணற்றடித் தண்ணி வழிந்தோடுகிற இடத்தில்தான் சரிவரும்.

ஈரம் நிற்கச் சருகு பரப்பத்தான் வேண்டும். சருகுக்குள் புடையன் பாம்பு படுக்கும் என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கும் தெரியும். வாசலிலிருந்து தள்ளிப் போடுங்கள், கையை விடாமல் தடியால் கிளறுங்கள்.

இன்னொன்று, கேட்காததுதான். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தங்களின் பேச்சைக் கேட்டு முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதிக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் நிழல் மரத்தையும் தறித்துப் பதித்தார்கள், சருகு கூட்ட அலுப்பாம். இப்போது மத்தியானத்தில் அந்த முற்றத்தில் வெறுங்காலோடு நிற்கேலாது. மழைத்தண்ணியும் நிலத்துக்குள் இறங்காமல் ஒழுங்கைக்கு ஓடி என் படலையடியில் தேங்குகிறது. கேட்டால் முகத்தைத் திருப்புகிறார்கள்.

சரி, நடுவதென்றால் ஐப்பசியில் நல்ல மழை ஒன்று இறங்கின பிறகு நடுங்கள். மஞ்சள் மட்டும் சித்திரையில், அதுவும் கோடை கழியும் வரைக்கும் கிணற்றில் தண்ணி நிற்குமென்றால்.