மச்சான் விற்கும் ஸ்டெபிலைசரும் 18 மாதத் தவணையும்

கேள்வி: மணப்பாறை பக்கம் கிராமத்தில் இருக்கிறோம். மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிடுகிறது. வீடு முழுவதற்கும் சர்வோ ஸ்டெபிலைசர் (வோல்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி) போட்டால் கரண்ட் பில் 20 சதவீதம் குறையும், பொருட்களும் கெடாது என்கிறார் அந்த ஏஜென்சி எடுத்திருக்கும் என் மச்சான். விலை 45,000. மாதம் 2,950 வீதம் 18 மாதத் தவணை, வட்டி 12 சதவீதம்தானாம். சம்பளம் 38,000. அவரிடம் ஏற்கெனவே வாங்கிய வாட்டர் ஃபில்டருக்கும் இன்வெர்ட்டருக்கும் மாதம் 3,500 போகிறது. இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடி, பில் 1,700 வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம்.

மச்சான் சொல்லும் 20 சதவீதத்தை அப்படியே நம்புவோம். 96 யூனிட் மிச்சம். கட்டணம் அதிகமுள்ள மேல் ஸ்லாப் (கட்டணப் படி) யூனிட்தான் முதலில் குறையும் என்பதால் தாராளமாக 600 ரூபாய் என்று வையுங்கள். அதுவும் இரண்டு மாதத்துக்கு. வருடத்துக்கு 3,600. நீங்கள் கட்டப்போவது 53,100. அந்தக் காசு திரும்பி வரவே கிட்டத்தட்ட 15 வருடம் ஆகும்.

ஆனால் அந்த 600 ரூபாயும் வராது. வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கும் இடத்தில் அதைக் குறைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். குண்டு பல்பு காலத்தில் அது நன்றாகவே தெரிந்தது. இன்றைய எல்இடி, டிவி, இன்வெர்ட்டர் ஏசி எல்லாம் வோல்டேஜ் குறைந்தால் கரண்டைக் கூட்டி இழுத்துக்கொள்ளும். கீசர் சூடேற நேரம்தான் கூடும், யூனிட் அதேதான். உங்கள் ஊரிலோ பிரச்சினையே லோ வோல்டேஜ். 180-ஐ 230 ஆக ஏற்றினால் மெதுவாகச் சுற்றிய ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், மீட்டரும் கூடவே சுற்றும். ஸ்டெபிலைசரும் சும்மா இருக்காது. 20 வாட்தான் தின்கிறது என்றாலும் 60 நாளில் 29 யூனிட். இப்போதே 480-இல் நிற்கிறீர்கள். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும், தெரியும்தானே?

பொருட்களைக் காப்பாற்றும் என்பது மட்டும் உண்மை. லோ வோல்டேஜில் பிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் முனகும், சூடாகும், ஒருநாள் போய்விடும். அதற்கு பிரிட்ஜுக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்டெபிலைசர் போதும், சில ஆயிரம்தான். அதைவிடப் பெரிய ஆபத்து, லைனில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்தால் 400 வோல்ட் வரை ஏறுவது. மெயினுக்குப் பக்கத்தில் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் கட் பண்ணும் கருவி ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாட்டுங்கள். எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தெருவுக்கே வோல்டேஜ் இல்லையென்றால் அது டிரான்ஸ்ஃபார்மரில் பாரம் கூடியதால். பத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்திலும் (94987 94987) புகார் பதியுங்கள். செலவில்லாத வேலை.

சரி, இனி உண்மையான விஷயம். அந்த 12 சதவீதம் ஃப்ளாட் வட்டி. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டினாலும் 18 மாதமும் முழு 45,000-க்கே வட்டி போடுகிறார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். இதையும் சேர்த்தால் மாதத் தவணை 6,450, சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். மூன்றுமே மச்சான் கொண்டு வந்தவை! உங்கள் வீட்டில் ஏறி இறங்குவது வோல்டேஜ் மட்டுமில்லை. அவர் மாதாந்திர டார்கெட்டை நீங்கள் கடன் வாங்கி முடித்துக் கொடுக்கிறீர்கள்.

வீட்டில் சங்கடம் வருமே என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், புரிகிறது. "பழைய இரண்டு தவணையும் முடியட்டும், அதுவரை தவணையில் எதுவும் எடுப்பதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறோம்" என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள். அந்த பிரிட்ஜ் ஸ்டெபிலைசரை வேண்டுமானால் அவரிடமே வாங்குங்கள், கையிலிருக்கும் காசுக்கு.