லாக்டோஸ் இல்லாத பால் டப்பா வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். வேலைக்குத் திரும்பியதால் பகலில் டப்பா பால், இரவில் தாய்ப்பால். டப்பா பால் தொடங்கிய சில வாரங்களிலேயே மலத்தில் சளியும் இழை இழையாக ரத்தமும் வருகிறது. மருந்துக்கடைக்காரர் 'லாக்டோஸ் ஃப்ரீ' டப்பாவை எடுத்து வைக்கிறார். உறவினரோ, நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமை பார்க்கும் பேக்கேஜ் இருக்கிறது என்கிறார். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். முதல் செலவு குழந்தைகள் நல மருத்துவருக்கான ஃபீஸாக இருக்கட்டும். மலத்தில் ரத்தம் என்றால் கடையில் கேட்டு மருந்து வாங்கவே கூடாது.

லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காவிட்டால் வயிறு உப்பும், தண்ணீராகப் போகும். பொதுவாக ரத்தம் வராது. நீங்கள் சொல்வது பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். பால் புரதத்தை எதிரியாக எண்ணி நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்குவதில் பெருங்குடலின் உட்சுவர் அழன்று, சளியும் ரத்தமும் கசியும். லாக்டோஸ் நீக்கிய டப்பாக்களில் பெரும்பாலும் அதே பசும்பால் புரதம்தான் இருக்கிறது. சிறுகுடலும் பாதிக்கப்பட்ட சில குழந்தைகளுக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கும். அவர்களுக்கு இந்த டப்பாவால் பேதி கொஞ்சம் அடங்கும். சரியாகிவிட்டது என்று வீட்டில் நம்பிவிடுவார்கள்; உள்ளே அழற்சி தொடரும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

ஆட்டுப்பாலும் தீர்வல்ல, அதன் புரதம் ஏறக்குறைய பசும்பாலுடையதே.

பேக்கேஜ் பரிசோதனைகளில் பல, ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை அளக்கின்றன. சாப்பிட்ட உணவுக்கெல்லாம் அது உடலில் உருவாகும், ஒவ்வாமைக்குச் சான்றாகாது. அதை நம்பிப் பத்து உணவுகளை நிறுத்தினால் குழந்தைக்குச் சத்துக் குறைவுதான் மிச்சம். பால் புரதத்தை 2 முதல் 4 வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி கொடுத்துப் பார்ப்பதே மருத்துவர்கள் செய்யும் சோதனை.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். தேவைப்பட்டால் நீங்கள் பால், தயிர், மோர், பனீர் தவிர்க்கும்படி மருத்துவர் சொல்வார். அப்போது உங்களுக்கான கால்சியத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பகலுக்கு அவர் 'எக்ஸ்டென்சிவ்லி ஹைட்ரோலைஸ்டு' வகை எழுதித் தரக்கூடும். புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்த மாவு அது. விலை பல மடங்கு, சுவை கசப்பு, குழந்தை துப்பலாம். அதனால் முதலில் ஒரே ஒரு டப்பா வாங்குங்கள். 'பார்ஷியலி ஹைட்ரோலைஸ்டு' என்று அச்சிட்டிருந்தால் திருப்பிக் கொடுங்கள். அது புரதத்தை அரைகுறையாக மட்டுமே உடைத்த மாவு; பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இந்த ஒவ்வாமைக்கு உதவாது. ஆஃபர் என்று தள்ளிவிடப் பார்த்தால், குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரமும் சலுகையும் கூடாது என்று 1992-ம் ஆண்டுச் சட்டம் இருப்பதைச் சொல்லுங்கள்.

திட உணவு தொடங்கும்போது பிஸ்கட், பிரெட் பாக்கெட்டுகளில் 'கன்டெய்ன்ஸ்' என்ற வரியைப் படியுங்கள். பால் சேர்த்திருந்தால் அங்கே குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. எந்தப் புது உணவுக்குப் பிறகும் சில மணி நேரத்துக்குள் அடுக்கடுக்காக வாந்தி எடுத்துத் துவண்டாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிச் செல்லுங்கள்.