கூப்பிடவில்லை என்றால் நல்லது என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 47 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறேன். மூன்று மாதத்துக்கு முன் அரசாங்க கிளினிக்கில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பேப் ஸ்மியர் சோதனை எடுத்தார்கள். "ஏதாவது இருந்தால் கூப்பிடுவோம்" என்றார் மிஸ்ஸி (நர்ஸ்). இதுவரை யாரும் கூப்பிடவில்லை. நான் கொடுத்தது மகனின் நம்பர். அவன் இப்போது சிம் மாற்றிவிட்டான். கிள்ளானில் இருக்கும் என் நாத்தனாருக்குக் கைப்பேசியிலேயே முடிவு வந்துவிட்டதாம். என்னோடு எடுத்த பக்கத்து வீட்டு அக்காவை மட்டும் ஈப்போவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கூப்பிடாவிட்டால் நல்லது என்று நான் பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: இருக்கக்கூடாது, சகோதரி. நீங்கள் கொடுத்த நம்பர் இப்போது உயிரோடு இல்லை. கிளினிக்கில் இருந்து நான்கு தடவை கூப்பிட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரிய வழியில்லை. பெரும்பாலும் உங்கள் முடிவு சாதாரணமாகத்தான் இருக்கும். எடுப்பவர்களில் மிகப் பலருக்கு அப்படித்தான். ஆனாலும் அதைத் தாளில் பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அம்மாவின் ரிப்போர்ட்டில் கோளாறு இருந்தது. போன் எடுக்கவில்லை, கடிதம் போட்டோம். அதற்குள் அவர் லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடி போய்விட்டார். கடிதம் தோட்டத்து ஆபீசில் கிராணியின் மேசை டிராயரில் சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே ஏழு மாதம் கிடந்தது. தொண்டை வலிக்கு மருந்து வாங்க அவர் வந்த நாளில்தான் விஷயம் வெளிப்பட்டது. நல்லவேளை, சிகிச்சைக்கு நேரம் இருந்தது. கிராணியை மட்டும் குறை சொல்லமாட்டேன். நாங்களும் ஒரு கடிதத்தோடு விட்டுவிட்டோம்.

பேப் ஸ்மியர் மாதிரி போகிற வழி நீளமானது. கர்ப்பப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவியோ, சிறு புட்டியில் உள்ள திரவத்தில் கலக்கியோ, உங்கள் பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் எழுதி லேப்புக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் நோய்க்குறியியல் மருத்துவர் மறுபடி பார்க்கிறார். பிறகு ரிப்போர்ட் கிளினிக்குக்குத் திரும்பி, பதிவுப் புத்தகத்தில் ஏறி, அதன்பின் உங்களைத் தேடுகிறது. வாரக்கணக்கில் ஆவது இதனால்தான்.

உங்கள் நாத்தனார் எடுத்தது அநேகமாக எச்.பி.வி. சோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். 2018இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஓர் ஆஸ்திரேலிய அறநிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண்களே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. வசதிதான். ஆனால் மோசடிக்குப் பயந்து தெரியாத நம்பரில் வரும் செய்தியையெல்லாம் திறக்காமலே அழிக்கிற பழக்கம் இப்போது நமக்கு. போதாததற்கு, முடிவு மகன் கைக்கோ மருமகள் கைக்கோ போய்ச் சேர்ந்தால் எத்தனை பேருக்குப் பிடிக்கும்? உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். இல்லையென்றால், "நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லித் தேதி கேட்டு வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான்: ஐசியும் கிளினிக் அட்டையும் எடுத்துக்கொண்டு நேரே போங்கள். காலையில் குழந்தைகளுக்கு ஊசி போடும் கூட்டம் இருக்கும், மதியம் போனால் நின்று பேசலாம். கவுன்டரில் "கெபுத்துசான் பேப் ஸ்மியர் சாயா சுடா சம்பாய்?" (என் பேப் ஸ்மியர் முடிவு வந்துவிட்டதா?) என்று மலாயில் கேட்டால் போதும். ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லி, ஐசி எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். நம் ஊர் கிளினிக்கில் லெட்சுமி என்ற பெயரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். ஒரு நகல் கேளுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய நம்பரைப் பதியச் சொல்லாமல் வராதீர்கள்.

"நெகட்டிவ்" என்றிருந்தால் கோளாறு தெரியவில்லை என்று பொருள். கோவிட் வந்துபோன பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த பேப் ஸ்மியர் எப்போது என்று அட்டையில் எழுதித் தருவார்கள், வழக்கமாக மூன்று ஆண்டு. எச்.பி.வி. சோதனை நெகட்டிவ் என்றால் ஐந்து ஆண்டு. "மாதிரி போதவில்லை" என்றிருந்தால் பயப்படாதீர்கள். செல்கள் குறைவாக வந்திருக்கும், அல்லது ரத்தமோ சீழோ மறைத்திருக்கும். மறுபடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: முடிவு எப்படி இருந்தாலும், உறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பிறகோ ரத்தம் பட்டால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். திரும்பக் கூப்பிட்டால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இந்தச் சோதனையே புற்றுநோய் வருவதற்கு முன், செல்களில் தெரியும் மாற்றத்தைப் பிடிக்கத்தான். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். லேசான மாற்றங்கள் பல தானாகவே மறைந்துவிடும். எச்.பி.வி. தொற்றும் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. போகாமல் தங்கினால்தான் தொல்லை. அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மோசம்; உலகில் இந்தப் புற்றுநோயில் பத்தில் ஏழு அவற்றால் வருவதுதான்.

இந்த வைரஸ் உறவின் மூலம் பரவுவது உண்மை. ஆனால் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். திருமணத்துக்கு முன் தொற்றியதா, பின் தொற்றியதா, யாரிடமிருந்து என்று எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. இதை வைத்து வீட்டில் புருஷன் பெண்சாதிக்குள் நடந்த சண்டைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஈப்போவில் அக்காவுக்குச் செய்யப்போவது கால்போஸ்கோப்பி என்ற பரிசோதனையாக இருக்கலாம். பேப் ஸ்மியர் எடுத்தது போலவே படுக்க வைத்து, கர்ப்பப்பை வாயில் சமையலறைச் சுக்கா (வினிகர்) மாதிரி நீர்த்த அமிலத்தைத் தடவுவார்கள். மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவைப்பட்டால் அரிசி மணி அளவு சதை எடுப்பார்கள். மயக்க மருந்து வழக்கமாகத் தேவைப்படாது, அன்றே வீடு திரும்பலாம். அந்தச் சதை முடிவுக்கும் மறுபடி காத்திருக்க வேண்டும். அதை யார் சொல்வார்கள், எந்த நாளில் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். சதை எடுத்தால் ஒன்றிரண்டு நாள் லேசாக ரத்தம் படும், நாப்கின் கொண்டு போகட்டும். முடிந்தால் அன்று ஒரு நாள் லீவு போட்டு நீங்களும் கூடப் போங்கள். பஸ்ஸில் தனியாகத் திரும்ப வேண்டாம்.